வாசகர் கேள்வி பதில்: காலண்டர் அழகிகளும் வீட்டுச் சாமான்களும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்த என் தந்தையார் சேர்த்து வைத்த காலண்டர்களில், அமெரிக்க ஓவியர்கள் வரைந்த அழகிகளின் படங்கள் பல கிடைத்தன. அவற்றை மர டீப்பாயிலும் பீரோவிலும் ஒட்டி அலங்கரிக்க ஆசை. கூடத்தில் அவை கூடவே கூடாது என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அசல் தாள்களைப் பத்திரப்படுத்திவிட்டு, அவற்றின் வண்ண லேசர் பிரதிகளையே ஒட்ட வேண்டும். இங்க்ஜெட் பிரதி என்றால் பசையின் ஈரம் பட்டதும் மை கசிந்துவிடும்.

இவ்வகைப் படங்களில் பெயர்பெற்ற கில் எல்வ்கிரென் (1914–1980), மாடல் பெண்களைப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்துக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தவர்; பிரவுன் அண்டு பிகலோ என்னும் நிறுவனம் அவற்றைக் காலண்டர்களாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பியது. பாவாடை நுனி வேலியிலோ நாயின் கயிற்றிலோ சிக்க, அந்தப் பெண் திடுக்கிட்டு நிற்பதுதான் அவர் அடிக்கடி வரைந்த குறும்பு. உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து வேலியையும் நாயையும் விட்டுவிட்டால், அவள் எதற்குத் திடுக்கிடுகிறாள் என்பதே தெரியாமல் போகும். ஆகவே படத்தை முழுதாகவே ஒட்டுங்கள்.

மாமியாருடன் வழக்காட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கச் சிப்பாய்கள் இத்தகைய படங்களைத் தங்கள் லாக்கர் கதவின் உட்புறத்திலும் ஒட்டி வைத்திருந்தார்கள். உங்கள் பீரோவின் உட்கதவும் அதற்குப் பொருத்தமான இடமே. இரும்பு பீரோவானால் பிரதியைக் காந்தத் தாளில் ஒட்டிப் பதித்தால், வேண்டாதபோது எடுத்துவிடலாம். கூடத்து டீப்பாய்க்கு நம் சிவகாசிக் காலண்டர்களின் பூக்கூடைப் பெண்களைத் தேர்ந்தெடுங்கள். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழி வந்த தெய்வப் படங்கள் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் லட்சுமியின் மேல் காபி டம்ளரை வைத்தால் மாமியாரின் கோபம் இரட்டிப்பாகும், அதில் நானும் அவர் பக்கம்தான்.

ஒட்டும் முறை எளிது. மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்து, ஃபெவிகாலைச் சிறிது நீர் விட்டுத் தளர்த்தித் தடவி, படத்தின் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியால் நீவினால் காற்றுக் குமிழ் தங்காது. ஒரு நாள் உலரவிட்டு, நீர் கலந்த வகை வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிவிடும்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதியில், மைதா பசையால் படங்கள் ஒட்டிய சில்வர் ஓக் முக்காலிகளில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. ஜன்னலோர முக்காலியின் படம் நீலம் பாரித்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஏற்காடு.

பதில்: கரும்புள்ளி, பூஞ்சணம். மைதா அதற்குத் தீனி. சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனி அதற்கு ஈரம். மேற்புறம் மட்டும் வார்னிஷ் அடித்திருந்தால், மரம் அடிப்புறத்தின் வழியே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படத்தை உரித்து, முக்காலியை நன்கு காயவைத்து, ஃபெவிகாலால் புதிதாக ஒட்டி, அடிப்புறத்துக்கும் கால்களுக்கும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதத்து உலர்ந்த நாட்கள் இதற்கு ஏற்றவை. புத்தகம் கட்டுவோர் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால், குழந்தைகள் புழங்கும் விடுதிக்கு வேண்டாம்.

நீலம் பாரித்தது வெயிலின் வேலை. அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் மங்க, நீலம் மட்டும் எஞ்சுகிறது. வெயில் படும் சுவரில் நாள்பட்ட சினிமா போஸ்டரில் இதைப் பார்த்திருப்பீர்கள். முக்காலியை ஜன்னலிலிருந்து நகர்த்துவது தவிர வேறு வழியில்லை.

கேள்வி: இதே படங்களைப் பருத்தித் தலையணை உறையில் அச்சிடலாமா?
– வாசகி, அம்மாப்பேட்டை.

பதில்: அச்சிடலாம். ஆனால் கோப்பைகளுக்குச் செய்யும் சப்ளிமேஷன் அச்சு பருத்தியில் நிற்காது, பாலியஸ்டருக்கே உரியது. பருத்தித் துணி என்று கடையில் முன்பே சொல்லிவிடுங்கள். உறையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பித் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள்.