டேட்டாபேஸ்லருந்து தகவலைக் கேட்டு எடுக்கற கொயரியிலயே தேதி, நேரத்தை ஃபார்மட் பண்ணி எடுக்கலாமா?

நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்திருப்பீங்க, ரிப்போர்ட்ல தேதி 2024-06-03னு வருது, மேனேஜர் 03-06-2024னு கேக்கறார், அதானே? கண்ணுக்குக் காட்டறதுக்குன்னா தாராளமா பண்ணுங்க. அதை வச்சு கணக்கு மட்டும் போட்டுடாதீங்க. நான் போட்டேன்.

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனி, பேர் வேணாம். அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் நான்தான் எழுதினேன். டேட்டாபேஸ் மை எஸ்க்யூஎல், தேதியை வேணும்கிற மாதிரி எழுதிக் குடுக்கற டேட் ஃபார்மட் (DATE_FORMAT) ஃபங்ஷன். மணிக்கு பர்சென்ட் பெரிய எச் (%H), நிமிஷத்துக்கு சின்ன எம் (%m) தானேன்னு அடிச்சு உட்டுட்டேன். அங்க சின்ன எம்னா மாசம், நிமிஷத்துக்கு சின்ன ஐ (%i). (ஆரக்கிள்னு இன்னொரு டேட்டாபேஸ் வச்சிருக்கறவங்க வரிஞ்சு கட்டிகினு வராதீங்க, நிமிஷத்துக்கு எம்ஐ போடற எடத்துல எம்எம் போட்டு மாட்டினவங்க உங்க பக்கமும் இருக்காங்க.)

ஷிஃப்ட் 8 மணி, 5 நிமிஷம் கிரேஸ். ஜனவரில 8:50க்கு ஆடி அசைஞ்சு வந்தவனுக்கும் 8:01னு காட்டுது, நிமிஷம் வர்ற எடத்துல மாச நம்பர், மே மாசம் 8:05. ஒருத்தரும் லேட் இல்ல, ஒருத்தரும் வாயைத் தொறக்கல, சிஸ்டம் வந்ததும் எல்லாம் ஒழுங்காயிட்டாங்கன்னு ஆபீஸ்ல எனக்கு டீ வேற. ஜூன் பொறந்துச்சு, கரெக்டா எட்டு அடிக்கும்போது பஞ்ச் வச்சவங்களுக்கும் 8:06. மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் கட்.

சோளிங்கர் பஸ்ல வர்ற ஒரு அக்கா, ஷூவோட மேல் பாகம் (அப்பர்) தைக்கிறவங்க, சம்பளச் சீட்டோட நேரா என்கிட்ட வந்துட்டாங்க. "இன்னா தம்பி, தெனம் எட்டு ஆறு, எட்டு ஆறுன்னு போட்டுகிறியே, நான் இன்னா மிஷினா?" அப்பதான் முழு பிரிண்ட்டையும் பாத்தேன், கடைசி ரெண்டு எழுத்து மேலருந்து கீழ வரைக்கும் 06. வயித்தைக் கலக்கிடுச்சு.

டேபிள்ல பஞ்ச் நேரம் எழுத்தா இல்லாம தேதி-நேர வகையாவே (டேட்டைம்) இருந்ததால தப்பிச்சேன். கொயரியைத் திருத்தி ஓட்டினதும் உண்மையான நேரம் வந்துடுச்சு, புடிச்ச காசும் அடுத்த மாசம் திரும்ப வந்துச்சு. ஜனவரி லேட்டையெல்லாம் இப்ப புடிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார், காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்.

இன்னொண்ணு, நாள்-மாசம்-வருஷம்னு ஃபார்மட் பண்ணினதை வரிசைப்படுத்த ஆர்டர் பை (ORDER BY) போட்டா அது வெறும் எழுத்து, 01-02-2024 முன்னாடியும் 15-01-2024 பின்னாடியும் வரும். எந்த வரி வேணும்னு சொல்ற வேர் (WHERE) பகுதியிலயும் ஃபார்மட் பண்ணி தேடாதீங்க, அந்த காலம்ல (column) சீக்கிரம் தேட உதவற இண்டெக்ஸ் இருந்தும் உதவாது. ஜூன் வேணும்னா ஜூன் 1லருந்து, ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும்னு கேளுங்க. இதுலருந்து இதுவரைக்கும்னு கேக்கற பிட்வீன்ல (BETWEEN) 30ம் தேதின்னு முடிச்சா அது 30ம் தேதி பொறக்கற ராத்திரி 12 மணியோட நின்னுடும், அன்னிக்கு பகல் பஞ்ச் பூரா காணாம போயிடும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு கீழ கமெண்ட்ல ஒருத்தர் வருவார். சார், 2019ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சாங்க, எங்க ஆற்காடு ராணிப்பேட்டைல சேந்துடுச்சு, இன்னிக்கும் பாதி ஆன்லைன் ஃபாரம்ல வேலூர்னு போட்டாதான் பின்கோடை ஒத்துக்குது. அந்த ஃபாரத்து மாவட்ட லிஸ்ட்டை எழுதினவருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கும்.