திருச்சி வெயிலில் ஒட்டு ரோஜா

கேள்வி: போன தை மாதம் தெருவில் வண்டியோடு வந்தவரிடம் ஐந்து ஒட்டு ரோஜாச் செடிகள் வாங்கி மாடியில் தொட்டிகளில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூ. பங்குனியில் பூவெல்லாம் பட்டன் ரோஜா அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு வீடியோவில் சொன்னபடி சித்திரை பிறந்ததும் எல்லாச் செடிகளையும் அரையடி விட்டு வெட்டினேன். இரண்டு செடிகள் மேலிருந்து கறுத்துக்கொண்டே வந்து செத்துப்போயின. இரண்டு சும்மா நிற்கின்றன. ஒன்று மட்டும் மூன்றடி உயரம் தளதளவென்று வளர்ந்திருக்கிறது, ஆனால் மொட்டே இல்லை. டீத்தூளும் முட்டை ஓடும் போடச் சொல்கிறார் மாமியார். எங்கள் ஊர் வெயிலுக்கு இந்த ரோஜா வருமா, வராதா? மே கடைசியில் ஊட்டிக்குப் போகிறோம். அங்கிருந்து இரண்டு செடி வாங்கி வரலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: வரும். ஆனால் பன்னிரண்டு மாதமும் வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

அந்த வீடியோ குளிர்நாட்டுக்காரர் எடுத்ததாகவோ, அதைப் பார்த்து நம்மவர் எடுத்ததாகவோ இருக்கும். அங்கே பனிக்காலத்தில் ரோஜா இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கும். தூங்கி எழுகிற நேரத்தில், அதாவது மார்ச், ஏப்ரலில், முழங்காலுக்குக் கீழே வெட்டுவார்கள். வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த சத்து இருக்கும், முன்னால் இதமான வசந்தகாலமும் இருக்கும், செடி துள்ளிக்கொண்டு துளிர்க்கும். நம் ஊரில் அதே ஏப்ரலில் வெட்டினால் முன்னால் இருப்பது கத்திரி வெயில். நம் ரோஜாவுக்கு ஓய்வுக்காலம் கோடைதான். தூங்கப்போகிற நேரத்தில் போர்வையை உருவியது மாதிரி ஆகிவிட்டது உங்கள் கவாத்து. இலை போனதால் சத்து தயாரிக்க வழியில்லை. நிழல் போனதால் தண்டின் பட்டை வெந்தது. வெட்டுவாயில் பூஞ்சணம் புகுந்து மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டே வந்தது. நுனிக்கருகல் என்பார்கள். வருத்தப்படாதீர்கள், மதுரையில் குடியிருந்தபோது ஒரே சித்திரையில் நான் ஏழு செடிகளை இப்படிப் பறிகொடுத்தேன். அப்போது வீடியோகூடக் கிடையாது. குளிர்நாட்டுப் புத்தகம் ஒன்றை நம்பினேன்.

பூ சுருங்கியதற்கும் வெயில்தான் காரணம். குறிப்பாக இரவுச் சூடு. பகலில் இலை செய்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. மொட்டோ சூட்டில் அவசரப்பட்டு, இதழ்கள் முழுதாக வளர்வதற்குள் விரிந்துவிடுகிறது. தை மாதத்தில் நாலைந்து நாள் நின்ற பூ பங்குனியில் காலையில் விரிந்து மாலையில் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்த உரத்தைப் போட்டாலும் இதை மாற்ற முடியாது. அதனால் பங்குனி முதல் ஆனி வரை பூவை மறந்துவிட்டு இலையைக் காப்பாற்றுங்கள். மொட்டு வந்தால் பட்டாணி அளவில் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஒன்றிரண்டை சாமி படத்துக்கு விட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தொட்டிகளைக் காலை வெயில் படுகிற, மேற்கு வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். இடமில்லை என்றால் ஐம்பது சதவீத நிழல்வலையை மேற்குப் பக்கம் கட்டுங்கள். தளத்தின் மேல் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், தளத்துச் சூடு வேரை வேகவைக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். மேல்மண்ணில் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடாக்காகப் போடுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றும்போது வாரம் இரண்டு மூன்று முறை இலைகளின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள். கோடையில் இலை வெளிறி, அடியில் நூலாம்படை மாதிரித் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. அதற்குத் தண்ணீர் அடிதான் முதல் மருந்து. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதென்றால் மாலையில் மட்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். உரம் இப்போது எதுவும் வேண்டாம்.

நீங்கள் ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா? அப்படியென்றால் ஊற்றுகிற தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். கொஞ்சம் புளிப்பான மண்தான் ரோஜாவுக்குப் பிடிக்கும். உப்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிட்டால், இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழை வரும்போது ஒரு டிரம்மில் பிடித்துவைத்து, மாதம் ஒருமுறையாவது அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றுங்கள்.

அடுத்து அந்த மூன்றடி அதிசயம். உங்களிடம் இருப்பது ஒரு செடி இல்லை, இரண்டு செடி. கீழே வேர்ச்செடி ஒரு முரட்டுக் காட்டு ரோஜா, அதன் பட்டையைக் கீறி நல்ல ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். தண்டின் அடியில் முடிச்சு போலப் புடைத்திருக்கும் இடம்தான் ஒட்டு. தளதளவென்று வளர்ந்த கிளை அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் போத்து. தெற்கே நர்சரிகளில் பெரும்பாலும் மல்டிஃப்ளோரா என்ற ரகத்தைத்தான் வேர்ச்செடியாக வைக்கிறார்கள், சமவெளியில் அது பூக்குமென்று காத்திருக்க வேண்டாம். மண்ணை விலக்கி, போத்து கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, கீழ்நோக்கிப் பிய்த்து எடுங்கள். கத்தரியால் நறுக்கினால் அடியில் தங்கும் கண்ணிலிருந்து இரண்டாகத் துளிர்க்கும். முடிச்சுக்கு மேலே பச்சையே மிச்சமில்லை என்றால் செடியை விட்டுவிடுங்கள், தொட்டியாவது மிஞ்சும்.

உயிரோடிருக்கும் இரண்டு செடிகளுக்கும் ஆடிக்காற்று அடங்கியதும் காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கி, ஒரு கை தொழு உரம் போடுங்கள். பெரிய கவாத்து அடைமழை ஓய்ந்தபிறகு. வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் பூ வரும், ஆகவே பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் கத்தரியை எடுங்கள். அப்போதும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் குறைக்காதீர்கள், கொஞ்சம் இலை நிற்கட்டும். வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டி, வெட்டுவாயில் தாமிரப் பூஞ்சணக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்கள். பெரிய பூ வேண்டுமென்றால் நடு மொட்டை விட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளுங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பதினைந்து நாளுக்கொருமுறை ஊற்றுவதெல்லாம் இந்தக் கவாத்துக்குப் பிறகு வரும் நாலு மாதத்துக்குத்தான்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. பால், சர்க்கரை போகக் கழுவிக் காயவைத்த டீத்தூள் மண்ணைப் பொலபொலவென்று வைக்கும், தாராளமாகப் போடலாம். முட்டை ஓடு மட்கச் சில வருஷம் ஆகும். கெடுதல் இல்லை, அவரிடம் வாதாட வேண்டாம். இந்த ரோஜா வகைக்கு 'ஹைபிரிட் டீ' என்று பெயர் இருப்பதற்கும் டீத்தூளுக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு ரோஜா தேயிலை வாசம் வீசுவதாகச் சொல்லி 'டீ ரோஜா' என்றார்கள். அதையும் ஐரோப்பிய ரோஜாக்களையும் கலந்து வந்தவை இவை. 1867-ல் பிரான்சில் வெளிவந்த 'லா ஃபிரான்ஸ்' ரகத்தை இவ்வகையின் முதல் ரோஜா என்பது வழக்கம். டீ ரோஜா சூடு தாங்கும், வருஷமெல்லாம் பூக்கும். ஐரோப்பிய ரோஜாவுக்குக் குளிர் வேண்டும். இந்தக் கலப்பில் எந்தப் பக்கத்து ரத்தம் அதிகம் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் மாடியில் ஒரு ரகம் தழைக்கிறது, இன்னொன்று சுணங்குகிறது. கொடைக்கானலில் வசிக்கும் வீரராகவன், கிரிஜா தம்பதி இதற்காகவே நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து, சூட்டுக்கு ஏற்ற ரகங்களைப் பல வருஷமாக உருவாக்கி வருகிறார்கள்.

கடையில் கிடைப்பதில் என்ன வாங்கலாம்? 'கிளாடியேட்டர்' முரட்டுச் செடி, தெற்கே பல காலமாக வளர்ந்து பழகியது. 'குயீன் எலிசபெத்' அசல் ஹைபிரிட் டீ இல்லை, அதன் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் புதிதாக வளர்ப்பவருக்கு அதைவிடத் தைரியம் தரும் ரோஜா குறைவு. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் கொத்துப் பூவுக்காக வளர்க்கும் ரகங்களைத் தொட்டியில் வைத்து விற்றால் வாங்காதீர்கள், அவை மாடி வெயிலைப் பார்த்ததே இல்லை. வாங்கி வந்ததும் ஒருவாரம் நிழலில் பழக்குங்கள். பையைப் பிரித்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நார்க்கழிவுக் கலவையில் புதைத்தால் ஊற்றுகிற தண்ணீர் சுற்றிலும் ஓடிவிடும், உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள்.

சரி, ஊட்டி. அங்கே மே மாதம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று டிகிரி. திருச்சியில் நாற்பது. ஒரே நாளில் பஸ்ஸில் அத்தனை தூரம் இறங்கி வருகிற செடி பிழைக்காது. எல்க் மலைச் சரிவில் 1995-ல் தொடங்கிய அரசு ரோஜாப் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. பிடித்த பூக்களின் பெயர்ப் பலகையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு நவம்பரில் உங்கள் ஊர் நர்சரிக்குப் போங்கள்.