குஞ்சு விடும் வெப்பம்: என்ட்ரோபி, உயிர், பரிணாமம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எல்லாம் ஒழுங்கிலிருந்து குலைவை நோக்கியே செல்லும் என்று வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்கிறது. ஒரு செல் உயிரிலிருந்து யானை வரை வந்த பரிணாமம் அந்த விதியை மீறுகிறது அல்லவா?

பதில்: மீறவில்லை. விதியின் பாதியை மட்டும் மனப்பாடம் செய்வதால் வரும் ஐயம் இது. ஆற்றலோ பொருளோ உள்ளே வராத, வெளியே போகாத தனித்த அமைப்பில் மொத்த என்ட்ரோபி, அதாவது ஆற்றலும் பொருளும் எவ்வளவு சிதறிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு, குறையாது என்பதே முழு விதி. உயிர் அப்படி அடைபட்டுக் கிடப்பதில்லை.

அடைகாக்கும் கோழிமுட்டையைப் பாருங்கள். வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவுமாக இருந்த கூழ் 21 நாளில் கண், அலகு, துடிக்கும் இதயம் என்று ஆகிவிடுகிறது. ஒழுங்கு கூடியது உண்மைதான். ஆனால் அத்தனை நாளும் ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஆக்சிஜன் உள்ளே போகிறது. கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. கூடவே வெப்பமும். ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கும் பெரிய பொரிப்பகங்களில் முதல் வாரம் சூடேற்ற வேண்டும். கடைசி வாரத்திலோ கருக்கள் விடும் வெப்பம் மிகுந்து, இயந்திரத்தைக் குளிர்விக்க வேண்டியிருக்கும். முட்டைக்குள் குறைந்த என்ட்ரோபியைவிட வெளியே கூடியது அதிகம். குஞ்சுக்கான விலை அது.

கேள்வி: சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலைப் பூமி ஏறக்குறைய முழுவதும் விண்வெளிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது என்கிறார்கள். பிறகு உயிர்களுக்கு என்னதான் மிஞ்சுகிறது?

பதில்: அளவில் மிஞ்சுவது மிகக் குறைவு. தரத்தில்தான் வேறுபாடு. சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். பூமி ஆற்றலை வெளிவிடுவது சராசரியாக 255 கெல்வினில். ஆகவே வந்து சேரும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) ஈடாகச் சுமார் 20 அகச்சிவப்பு ஃபோட்டான்கள் வெளியே போகின்றன. அதே ஆற்றல், இருபது பங்காகச் சிதறிவிடுகிறது. வருவதற்கும் சிதறுவதற்கும் இடைப்பட்ட வழியில்தான் இலை சர்க்கரை செய்கிறது. உயிர்கள் எதிர்மறை என்ட்ரோபியை உண்டு வாழ்கின்றன என்று இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1944இல் எழுதியது இந்தப் பொருளில்தான்.

கேள்வி: என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்றே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பாதிக் குழப்பத்துக்கு அந்தச் சொல்லே வேர். துகள்கள் எத்தனை விதமாக அமைய முடியும் என்ற எண்ணிக்கையோடு என்ட்ரோபியை இணைத்தவர் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான். அந்தக் கண்ணோடு பாருங்கள். நீரில் எண்ணெயைக் கலக்கி வைத்தால் சற்று நேரத்தில் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். பார்வைக்கு ஒழுங்கு கூடிவிட்டது. ஆனால் எண்ணெயைச் சுற்றிக் கட்டுண்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபட்டதால் மொத்த என்ட்ரோபி உயர்ந்திருக்கிறது. செல்லின் கொழுப்புச் சவ்வு தானாகக் கூடி நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். என்ட்ரோபி கூடுவதே உயிருக்குச் சுவர் எழுப்பித் தருகிறது! இதை முதன்முதலில் படித்த நாளில் வந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கேள்வி: டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழைகள் வருகின்றன. அவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தால் உயிரினம் சீரழியத்தானே வேண்டும்?

பதில்: பிழைக்கு மூலக்கூறுகளின் ஓயாத வெப்ப அசைவும் ஒரு காரணம். ஆனால் செல் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. படியெடுக்கும் நொதி தவறான எழுத்தை (டி.என்.ஏ.வின் வேதி அலகை) சேர்த்துவிட்டால், தயங்கி நின்று, அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதைச் சேர்க்கிறது. தப்பியவற்றை வேறு நொதிகள் தேடித் திருத்துகின்றன. கடைசியில் நூறு கோடி எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு பிழைதான் மிஞ்சும். இந்தத் திருத்தத்துக்கும் ஆற்றல் செலவாகிறது, வெப்பம் வெளியேறுகிறது.

மிஞ்சும் பிழைகளில் பல நன்மையும் செய்யாதவை, தீமையும் செய்யாதவை. பெருந்தீங்கு செய்பவற்றைச் சுமக்கும் உயிர் குறைவாகவே சந்ததி விட்டுச் செல்கிறது. அரிதாக ஒன்று பயன் தந்தால் அது பரவுகிறது. இந்த வடிகட்டலை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் கூட்டினால் சீரழிவு என்ற விடைதான் வரும்.

கேள்வி: அப்படியானால் பரிணாமம் எப்போதும் சிக்கலான உயிரை நோக்கியே செல்கிறதா?

பதில்: இல்லை. இருட்டுக் குகைகளில் வாழும் சில மீன்கள் கண்ணை இழந்துவிட்டன. நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை.

கேள்வி: முதுமை என்பது என்ட்ரோபி நம்மை வெல்வதுதானே?

பதில்: அப்படி முழுவதையும் இயற்பியலின் தலையில் கட்ட மாட்டேன். தேய்மானம் உண்மை. ஆனால் திறந்த அமைப்பு பழுதைச் சரிசெய்துகொண்டே இருக்க முடியும். உங்கள் தாயின் கருமுட்டை வரை வந்து சேர்ந்த செல் வரிசை 300 கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒருமுறைகூட அறுந்ததில்லை. உடல் மட்டும் ஏன் தளர வேண்டும்? காட்டில் பெரும்பாலான விலங்குகள் முதுமையை எட்டுமுன்பே இரையாகியோ நோயுற்றோ இறந்துவிடுகின்றன. அதனால் பிந்திய வயதில் தீங்கு செய்யும் மரபணுக்களை இயற்கைத் தேர்வால் வலுவாக வடிகட்ட முடிவதில்லை என்று உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952இல் விளக்கினார். சுண்டெலி பாதுகாப்பாக வளர்த்தாலும் மூன்று ஆண்டைத் தாண்டுவது அரிது; அதைவிடச் சிறிய வௌவால்களில் சில 30 ஆண்டுக்கு மேலும் வாழ்கின்றன. இரண்டுக்கும் வெப்ப இயக்கவியல் ஒன்றுதான். வௌவாலுக்குச் சிறகு இருக்கிறது. தன்னைத் தின்ன வருபவற்றிடமிருந்து பறந்து தப்ப முடிகிறது.