கிளவுட் கேம் இருந்தால் கன்சோல் எதற்கு? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ராமநாதபுரத்தில் கன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி, பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டி இல்லாமல் நெட் வழியாகவே ஆடுகிற கிளவுட் கேமிங் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, வாப்பா துபாயிலிருந்து வருகிறார். பிஎஸ்5 கன்சோல் கேட்கவா, இல்லை மாதச் சந்தா கட்டி கிளவுடில் விளையாடினால் போதுமா? யூடியூப் நன்றாக ஓடுகிற லைன்தான்.

யூடியூபை வைத்துக் கணக்குப் போடாதே தம்பி. அது அடுத்து வரப்போகிற காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், லைன் கொஞ்சம் தடுக்கினாலும் உனக்குத் தெரியாது. கிளவுடில் கேம் ஓடுவது எங்கோ இருக்கிற சர்வரில், நீ அழுத்துகிற பட்டன் அங்கே போய், படம் வீடியோவாகத் திரும்பி வர வேண்டும். நீ அடுத்து எதை அழுத்துவாய் என்று அதற்கு எப்படித் தெரியும், எதை முன்னாடி இறக்கி வைக்கும்? வாப்பாவிடம் பிஎஸ்5 கேள். டிஸ்க் போடுகிற மாடலாகக் கேள். அங்கே வாங்குகிற டிஸ்க் இங்கேயும் ஓடும்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனால் கிளவுடில் ஃபுட்பால் ஆடினால் பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் உதைக்கிறான்.

100 என்பது ரோட்டின் அகலம். ஊர் எவ்வளவு தூரம் என்பது வேறு கணக்கு. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் 200 கிலோமீட்டர்தான் போகும். மும்பையில் சர்வர் என்றால் நம்மிடமிருந்து நேர்கோட்டிலேயே 1,200 கிலோமீட்டருக்கு மேல், கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை, 1,500 என்று வைத்தால் போய்வர 15 மில்லிசெகண்டு ஒளிக்கே போய்விடுகிறது. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடுகிற கேமில் ஒரு ஃப்ரேமே ஏறக்குறைய 16.7 மில்லிசெகண்டுதான். இதற்கு மேல் சர்வர் வீடியோவைச் சுருக்கி அனுப்ப, உன் பெட்டி அதை விரிக்க, வழியில் ரூட்டர்கள், வைஃபை, டிவி எல்லாம் தங்கள் பங்குக்குப் பிடித்துக்கொள்ளும். வைஃபையை விட்டு லேன் கேபிள் மாட்டு, டிவியில் கேம் மோடு போடு, ஓரளவு குறையும். முழுசாகப் போகாது. செஸ், சீட்டு, யோசித்து நகர்த்துகிற கேம் என்றால் இந்தத் தாமதம் உறைக்கவே உறைக்காது.

பாம்பனிலிருந்து: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில்தான் நிற்கும். மொபைல் டேட்டாவில் கிளவுட் விளையாடலாமா? தினம் 2 ஜிபி பிளான்.

10 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 4.5 ஜிபி. உன் 2 ஜிபி அரை மணிகூட வராது, சோறு வடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அதற்காகக் கன்சோலுக்கு நெட்டே வேண்டாம் என்று நினைக்காதே, 100 ஜிபி வரும் கேமெல்லாம் இருக்கிறது, டிஸ்க் போட்டாலும் அப்டேட் கேட்கும். அப்டேட் போடுவதற்கென்றே கன்சோலை என் கடைக்குத் தூக்கி வருகிறவர்கள் உண்டு.

தொண்டியிலிருந்து: கூகுளே கைவிட்டதை நாம் நம்பலாமா?

கூகுளின் கிளவுட் கேம் சேவை ஸ்டேடியாவைச் சொல்கிறீர்கள். 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18-இல் மூடினார்கள். அங்கே வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஆன்லைவ் என்ற இன்னொரு கிளவுட் கேம் சேவை 2010-இல் வந்து 2015-இல் போனது. மைக்ரோசாஃப்ட் கெட்டி, 2020-இல் கேம் பாஸ் என்ற தன் கேம் சந்தாவோடு கிளவுடைச் சேர்த்தது, எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் டிஸ்க் கையில் இருந்தால் கவலையில்லை என்றும் சொல்ல மாட்டேன். யுபிசாஃப்ட் கம்பெனி 2024-இல் தி க்ரூ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனது.

ஏர்வாடியிலிருந்து ஒரு அம்மா: தம்பி, பையனுக்கு வாங்கிய கன்சோல் இரண்டே வருடத்தில் டிவியில் படம் காட்டவில்லை. கடலோர வீடு.

கிளவுட் கட்சிக்கு இங்கே ஒரு ஓட்டு போடுகிறேன் அக்கா. உப்புக்காற்றை ஃபேன் உள்ளே இழுத்து இழுத்து போர்டில் பச்சை பூத்துவிடுகிறது, டிவி கேபிள் மாட்டுகிற எச்டிஎம்ஐ போர்ட்தான் முதலில் போகும். என் மேஜைக்கு வருவதில் பாதி இந்த வகைதான். ஒருமுறை கொண்டுவாருங்கள், துடைத்துச் சாலிடர் வைத்தால் பிழைக்கலாம். இனி கடலைப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம். அணைத்து, சூடு ஆறிய பிறகு மூடி வையுங்கள், ஓடும்போது மூடினால் அது வேறு கேஸ்.

தேவிபட்டினத்திலிருந்து: அப்படியானால் சந்தா கட்டலாமா, வேண்டாமா அண்ணே?

ஒரே ஒரு மாதம் கட்டிப் பார். அதுவும் இரவு எட்டு மணிக்கு, தெருவே சீரியலும் ரீல்ஸும் பார்க்கிற நேரத்தில் ஆடிப் பார். காலையில் என் கடைக்கு வந்து நன்றாகத்தான் ஓடியது என்று சொல்கிறவர்கள் எல்லாம் விடியற்காலம் சோதித்தவர்கள்.