வேப்பிலைக்கும் குளிசைக்கும் நடுவில்: கேள்வி பதில்

மட்டக்களப்புப் பக்கம் மனநோய் வாட்டில் முப்பது வருஷம் தாதியாக நின்றவள் நான். என் அப்பா கண்ணகை அம்மன் சடங்கில் தெய்வமாடியவர். அதனால் இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கிப் பழக்கம். கேளுங்கள்.

மிஸ், வைகாசிச் சடங்கில் தெய்வமாடுவதும் பேய் பிடிப்பதும் ஒன்றுதானா? (களுவாஞ்சிக்குடி)

அப்பாவுக்குப் பறையும் உடுக்கும் கேட்டால்தான் வரும். ஆடி, வாக்குச் சொல்லி, தண்ணீர் தெளித்ததும் இறங்கிவிடும். விடிந்தால் மண்வெட்டியோடு வயலில் நிற்பார். பேய் என்று கொண்டுவரும் பிள்ளைக்கு அது நேரம் காலம் பார்க்காது. சோறு, நித்திரை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கெடுக்கும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலும், ஊர் ஏற்றுக்கொண்ட சடங்குக்குள் வருவதை நோயென்று எழுதவில்லை.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். நித்திரையே இல்லை. ஆரோ கூப்பிடுகிறார்களாம், பிள்ளை தன்னுடையதில்லையாம். மாமி பேய் விலகக் கழிப்புக் கழிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டா. (வாழைச்சேனை)

தம்பி, முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், மிச்சத்தைப் போகும் வழியில் வாசிக்கலாம். ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்குப் பிரசவம் முடிந்த கையோடு, கூடுதலாக முதல் இரண்டு கிழமைக்குள், இப்படி வரும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் தனியே விடாதீர்கள். ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்கிற வருத்தம் இது. தலைவிரிகோலமாக வந்தவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மாமியோடு சண்டை வேண்டாம். கழிப்பு வீட்டில் நடக்கட்டும், தங்கச்சி வாட்டில் இருக்கட்டும்.

ராத்தாவின் மகள் காய்ச்சலுக்குப் பிறகு வேறு குரலில் கத்துகிறாள், வாய் கோணுகிறது. ஜின் என்கிறார்கள். ஓதிப் பார்க்கலாமா? (அக்கரைப்பற்று)

ஓதுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனத்தில் இருந்து ஓதுங்கள். மூளை அழற்சியாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒரு வகையை 2007இல்தான் இனங்கண்டார்கள். இளம் பெண்களுக்குக் கூடுதலாக வரும், பார்த்தால் அசல் பேயாட்டம். நேரத்துக்குப் பிடித்தால் பெரும்பாலும் சுகப்படுத்தலாம்.

அடித்தால் பேய்க்குத்தானே நோகும்?

2021இல் தெல்கொடையில் பேயோட்டுகிறோம் என்று பிரம்பால் அடித்ததில் செத்தது ஒன்பது வயதுப் பிள்ளை. பிரம்பு எடுத்தவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

மட்டக்களப்பார் வந்தவர்களைத் திரும்பிப் போகவிடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்களாமே? (கொழும்பு)

தயிரும் தேனும் கொடுத்தே ஒட்டவைப்போம், வந்து பாருங்கோ.

1990இல் பிடித்துக்கொண்டு போன அண்ணாவைப் பற்றி அம்மா இன்னும் வாக்குக் கேட்கப் போகிறா. மூடநம்பிக்கை என்று நிறுத்தட்டுமா?

வேண்டாம் மகள். ராணுவ முகாம் வாசலில் பிள்ளையின் பெயரைச் சொல்லவே பயந்த யுத்த காலம் அது. அம்மன் முன்னால்தான் வாய்விட்டு அழ முடிந்தது. தெய்வமாடுகிற பெண், காணாமற்போன பிள்ளையின் குரலில் பேச, தாய் அவவின் கையைப் பிடித்துக்கொள்ளுவா. பட்ரீசியா லாரன்ஸ் என்ற மானிடவியலாளர் அந்தக் காலத்தில் இங்கே இருந்து இதையெல்லாம் எழுதிவைத்தார். எங்கள் வாட்டில் அப்போது அந்த அழுகைக்கு இடமிருக்கவில்லை, குளிசைதான் இருந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "இன்ன இடத்தில் உயிரோடு இருக்கிறான், இவ்வளவு காசு கொண்டுவா" என்று ஆராவது சொன்னால் அந்த வாசலை மிதிக்க விடாதீர்கள். அம்மாவுக்கு நித்திரை, சாப்பாடு குறைந்தால் கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். அடுத்த தரம் வாக்குக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் சொல்லாத எதையாவது அங்கே சொல்லுவா.