பாருக்குப் போனால் ஓட்டத்துக்கு நல்லதா? – கேள்வி பதில்

"பாருக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று வீட்டில் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். இது அந்த பார் இல்லை. பாலே நடனக்காரர்கள் பயிற்சியின்போது பிடித்துக்கொள்ளும் மரக் கைப்பிடிக்குப் பிரெஞ்சில் இந்தப் பெயர். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்த நடனக் கலைஞர் லோட்டி பெர்க், முதுகில் அடிபட்ட பிறகு, பாலே அசைவுகளையும் மருத்துவப் பயிற்சிகளையும் கலந்து பார் என்கிற இந்த உடற்பயிற்சியை உருவாக்கினார். 1959-இல் லண்டனில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1971-இல் அவருடைய மாணவி லிடியா பாக் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அசைவு, ஒரே நிலையில் நிற்றல், அதிகம் போனால் ஒன்றிரண்டு கிலோ எடை, இவ்வளவுதான் சமாசாரம். சின்ன வயதில் பரதம், அப்புறம் ஓட்டம், இப்போது இதைச் சொல்லிக்கொடுப்பது என்று என் பிழைப்பு போகிறது. வேறு விளையாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

கோவை, அரை மாரத்தான் ஓடுபவர்: அக்கா, வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன். 12 கிலோமீட்டர் தாண்டினால் வலது முட்டிக்கு வெளிப்பக்கம் வலி. இடுப்பில் பலம் இல்லை என்கிறார் பிசியோ. தினமும் ஓடுகிறவனுக்குப் பலம் இல்லாமல் போகுமா?

போகும் தம்பி. ஓட்டம் என்பது ஒற்றைக் காலில் நிற்பதுதான், அதை ஆயிரக்கணக்கான தடவை மாற்றி மாற்றிச் செய்கிறோம். ஒரு கால் தரையில் இருக்கும்போது மறுபக்க இடுப்பு கீழே சரியாமல் தாங்குவது, இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசை. அது களைத்தால் இடுப்பு சரியும், தொடை உள்பக்கம் திரும்பும், முட்டி அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். ஓடும்போது நாம் நேராகத்தான் போகிறோம், பக்கவாட்டில் காலைத் தூக்குவதே கிடையாது. அதனால் அந்தத் தசை தாங்கிப் பழகுமே தவிர, தனியாக வலுப்பெற வாய்ப்பு குறைவு.

கண்ணாடி முன்னால் ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று பாருங்கள். பேன்ட்டின் இடுப்புப் பட்டை ஒரு பக்கம் இறங்குகிறதா? இறங்கினால் பிசியோ சொன்னது சரி.

பார் வகுப்பில் ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி, ஒரு அங்குலம் மேலே, ஒரு அங்குலம் கீழே என்று அசைப்போம். பார்ப்பவர்கள் தூக்கிய காலுக்குத்தான் பயிற்சி என்று நினைப்பார்கள். ஓடுகிறவருக்குப் பலன் தருவது நிற்கிற கால். இடுப்பு சாயாமல், முட்டி லேசாக மடங்கி, இரண்டு நிமிடம் தாங்கினால் போதும், எங்கே குறை என்று உடம்பே சொல்லிவிடும். கைப்பிடியில் விரல் நுனி மட்டும்தான் படவேண்டும். அதன்மேல் சாய்ந்து நின்றால் பாதிப் பயிற்சி கைப்பிடிக்குப் போய்விடும்.

இன்னொன்று கெண்டைக்கால். முட்டியை நீட்டிக் குதிகாலைத் தூக்கினால் மேலே தெரிகிற தசை வேலை செய்யும். முட்டியை மடித்துத் தூக்கினால் வேலை அடியில் இருக்கும் சோலியஸுக்குப் போகும். நிதான ஓட்டத்தில் அதிகம் உழைப்பது இந்த இரண்டாவது ஆள்தான். பாரில் முட்டி மடித்த நிலையிலேயே குதிகாலை ஏற்றி இறக்குவது நிறைய வரும். ஜிம்மில் பலர் விட்டுவிடுகிற பயிற்சி அது.

வலி இருக்கும்வரை தூரத்தைக் குறையுங்கள், பிசியோவிடம் போவதை நிறுத்தாதீர்கள். அவருடைய பயிற்சிக்குப் பதிலாக இதைச் செய்யவேண்டாம்.

சென்னை, முதல் முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்: எந்த நாளில் இதைச் சேர்ப்பது? எல்லா நாளும் ஏதோ ஒன்று இருக்கிறது.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நீள ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், "லேசான பயிற்சிதானே" என்று ஒரு மணி நேர வகுப்புக்குப் போனேன். மறுநாள் 18-ஆவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டோவுக்குப் போன் செய்தேன். எடை குறைவு என்பதால் களைப்பும் குறைவு என்று கணக்குப் போட்டது என் தப்பு.

வாரத்துக்கு இரண்டு தடவை, 30 முதல் 40 நிமிடம். மெதுவாக ஓடிய நாளில், ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நீள ஓட்டத்துக்கும் வேகப் பயிற்சிக்கும் முந்தின நாள் வேண்டாம். புதிதாகத் தொடங்கினால் இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். போட்டி வாரத்தில் அறவே வேண்டாம். அடுத்த மாதமே போட்டி என்றால் இப்போது தொடங்காதீர்கள், முடித்துவிட்டு வாருங்கள்.

திருப்பூர், ஜிம் போகிறவர்: மேடம், நான் தோளில் 110 கிலோ எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் அடிக்கிறவன். மனைவியோடு ஒரு பார் வகுப்புக்குப் போய், ஒரு கிலோ டம்பெல்லோடு கால் வெடவெடவென்று நடுங்கி மானம் போய்விட்டது. அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் செய்தது வீணா?

வீண் இல்லை, மானமும் போகவில்லை. 110 கிலோவை நீங்கள் தூக்கி, இறக்கி, மூச்சு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுகிறீர்கள். இங்கே பாதி மடங்கிய நிலையில் தசைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. களைத்த நார்கள் ஒதுங்க, புதிய நார்கள் வேலைக்கு வர, அந்த மாறுதல் சீராக நடக்காமல் கால் நடுங்குகிறது. நடுக்கம் களைப்பின் அடையாளம், அவ்வளவுதான். "நடுங்கினால்தான் உடம்பு மாறும்" என்று வகுப்பில் கத்துகிற ஆசிரியர்களை நான் நம்புவதில்லை.

பார் உங்கள் ஸ்குவாட் எடையை ஏற்றாது. அதற்கு எடைதான் வேண்டும். ஒரே கோணத்தில் நின்று பழகினால் பெரும்பாலும் அந்தக் கோணத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் பலம் கூடும். ஆனால் ஒற்றைக் கால் சமநிலை, கணுக்கால், பக்க இடுப்பு, இந்த மூன்றையும் ஜிம்மின் எடைக்கம்பியான பார்பெல் அதிகம் தொடுவதில்லை. வாரம் ஒரு தடவை, கால் பயிற்சி நாளிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாட்டுக்கு முன்னால் செய்தால் அன்றைக்கு 110 ஏறாது.

தஞ்சாவூர், பரதநாட்டிய மாணவி: அக்கா, பாலேயில் முட்டியை மடிக்கிற பிளியே என்பது நம் அரைமண்டிதானே? நாங்கள் ஏன் தனியாக பார் செய்யவேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். குதிகால் சேர்த்து, பாதம் விரித்து, முட்டியைப் பக்கவாட்டில் மடிப்பது, பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கைதான். ஆனால் பாலேயில் மடங்கி எழுவார்கள், பிளியே போய் வருகிற இடம். நமக்கு அரைமண்டி குடியிருக்கிற இடம். அங்கேயே இருந்துகொண்டு தட்டடவு முழுவதையும் தட்டவேண்டும். அதனால் பிளியே செய்து உங்களுக்குப் புதிதாகப் பெரிய லாபம் இல்லை. ஏற்கெனவே மணிக்கணக்கில் செய்வதை இன்னும் கூட்டுவீர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது பாரின் மற்ற பகுதிகள். நாம் எப்போதும் தொடையை வெளிப்பக்கம் திருப்பியே ஆடுகிறோம். பாதத்தை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்துச் செய்கிற பயிற்சிகளை முதலில் எடுங்கள். அடுத்து, காலைப் பின்னால் கொண்டுபோகிற அசைவு. அடவுகளில் கால் முன்னாலும் பக்கத்திலும் நிறைய நீளும், பின்னால் தூக்கித் தாங்குவது குறைவு. அதனால் தொடையின் முன்பக்கம் இரும்பாக இருக்கும், பின்பக்கமும் பிட்டமும் பின்தங்கிவிடும். மூன்றாவது, குதிகாலை மெதுவாக இறக்குவது. குதித்து மெட்டு அடவில் குதிகால் பட்டென்று இறங்குகிறது, பாரில் நாலு எண்ணி இறக்குவோம். கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இது நல்ல மருந்து.

ஒரு எச்சரிக்கை இரண்டு கலைக்கும் பொது. பாதம் விரிகிற அளவை இடுப்புதான் தீர்மானிக்கவேண்டும். தரையில் பாதத்தை வலுவில் திருப்பி, முட்டி மட்டும் முன்னால் பார்த்தால், திருகல் முழுவதும் முட்டியில் விழும். மடங்கும்போது முட்டி இரண்டாவது விரலுக்கு நேராக வருகிறதா என்று குனிந்து பாருங்கள். வரவில்லையென்றால் பாதத்தைக் கொஞ்சம் மூடுங்கள். என் குரு இதற்காகத் தட்டுக்கழியை நீட்டிக் காட்டுவார், அப்போது கோபம் வந்தது.

சேலம், வேகப்பந்து வீசும் பையனின் அப்பா: மகனுக்கு 16 வயது. உடம்பு வளையட்டும் என்று பார் வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வகுப்பை அப்படியே எடுக்காதீர்கள். வேகப்பந்து வீச்சில் கீழ்முதுகு ஒரே நேரத்தில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகிக்கொள்ளவும் செய்கிறது. வளர்கிற வயதில் முதுகெலும்பில் மயிரிழை முறிவு வருவதற்கு இதுவும் அதிகமாகப் பந்து வீசுவதும் சேர்ந்து காரணம். பாரில் காலைப் பின்னால் உயரத் தூக்கும்போது முதுகு மறுபடி அதே பக்கம் வளைகிறது. கால் தரையிலிருந்து ஒரு சாண் எழுந்தால் போதும், விலா எலும்பு முன்னால் பிதுங்கக் கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். முன்காலை ஊன்றி நிற்கிற பலத்துக்கு ஒற்றைக் கால் பயிற்சிகள் நிச்சயம் உதவும். முதுகில் ஒரு பக்கமாக வலி என்றால் பாரும் வேண்டாம், பந்தும் வேண்டாம், முதலில் டாக்டர்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: தசை நீளமாகி மெலிந்து நடனக்காரி மாதிரி ஆகும் என்கிறார்களே?

தசை எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அந்த இடம் பயிற்சியால் நகராது. அது விளம்பரம். எடை குறைவது சாப்பாட்டைப் பொறுத்தது.

புதுக்கோட்டை, கபடி வீரர்: எங்கள் ஊரில் ஸ்டூடியோ எல்லாம் கிடையாது. இது பெண்கள் பயிற்சி என்று டீமில் கேலி வேறு செய்கிறார்கள். எனக்கு அடிக்கடி தொடை இடுக்கில் பிடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்து கால்பந்து அணியின் முன்னாள் தடுப்பாட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட் சின்ன வயதில் லண்டனில் உதவித்தொகையோடு பாலே படித்தவர். கேலி செய்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டு முடியும்வரை அரைமண்டியில் நிற்கச் சொல்லுங்கள், இரண்டாவது வழி சீக்கிரம் வேலை செய்யும்.

ரெய்டில் பக்கவாட்டில் பாய்ந்து, சட்டென்று திரும்புகிற சுமை உள்தொடையில் விழுகிறது. கால்களை அகல வைத்து மடங்கி நிற்பதும், முட்டிகளுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துவதும் நல்ல தொடக்கம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒருவர் உங்கள் மேல்காலைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பக்கவாட்டில் படுத்து உடம்பைத் தூக்குகிற கோபன்ஹேகன் பயிற்சி இதைவிடக் கடுமையானது, கால்பந்து அணிகளில் நன்றாக வேலை செய்ததும்கூட. பாரில் ஒரு மாதம் பழகிவிட்டு அதற்குப் போங்கள். இப்போது பிடிப்பு இருந்தால் அது ஆறட்டும்.

மதுரை, நடைப்பயிற்சி செய்யும் 54 வயதுப் பெண்மணி: எலும்பு மெலிவுக்கு இது போதுமாம்மா?

போதாதும்மா. தடுமாறி விழாமல் இருக்க பார் நன்றாக உதவும், அதுவே பெரிய விஷயம். எலும்பு வலுப்பெறக் கொஞ்சம் கனமான எடை வேண்டும். டாக்டர் சம்மதித்தால் ஒரு பயிற்சியாளரிடம் எடைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடையை விடவேண்டாம்.

திருநெல்வேலி, சைக்கிள் ஓட்டுபவர்: வீட்டில் செய்ய என்ன வாங்கவேண்டும்?

ஒன்றும் வாங்கவேண்டாம். சமையல் மேடை சரியான உயரம். ஜன்னல் கம்பியும் பரவாயில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சாய்ந்தால் கூடவே வரும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போடாமல் வெறுங்காலில் நில்லுங்கள்.

மணிக்கணக்கில் சீட்டில் குனிந்து உட்கார்கிறவர் நீங்கள், இடுப்பு எப்போதும் மடங்கியே இருக்கிறது. அதனால் உட்கார்வது போன்ற பயிற்சிகளைக் குறைத்து, நிமிர்ந்து நின்று காலைப் பின்னாலும் பக்கவாட்டிலும் தூக்குவதற்கு நேரம் கொடுங்கள். சைக்கிளை விட்டு இறங்கியதும் பத்து நிமிடம் செய்தால்கூடப் போதும். அடுப்பில் பால் இருந்தால் மட்டும் சமையல் மேடைக்குப் போகாதீர்கள்.