பத்துச் சுற்று

அன்புள்ள சார்,

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளின் பழைய பிடில் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துப் பிடில்காரர் டாமி ஜாரல் வாசிப்பை இரண்டு மணி நேரம் கேட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். ஒரே மெட்டைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பி வாசிக்கிறார். கற்பனை, விரிவு எதுவும் இல்லை. சில இடங்களில் அபஸ்வரமாகவும் படுகிறது. எல்லாம்தான் பதிவாகி நூலகத்தில் இருக்கிறதே, பிறகு ஏன் பாதுகாக்க வேண்டும் என்று இவ்வளவு கவலை? என் மகள் ஐந்து வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். எனக்குப் பிடிக்காதது அவளுக்குப் பிடித்துவிட்டது. யூடியூப் பார்த்துக் கற்கவா என்கிறாள். என்ன சொல்லட்டும்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் பாராட்டுகிறவர்களைவிட, இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டுத் திட்டுகிறவரோடு பேசுவது எளிது.

அது கச்சேரி இசை இல்லை, ஆட்டத்துக்கான இசை. வட கரோலினாவின் ரவுண்ட் பீக் பக்கம் ஒரு வீட்டில் ஆட்டம் என்றால், அறையிலிருந்த சாமான்களை ஒதுக்கிவிட்டு, மூலையில் ஒரு பிடிலும், விரலால் மீட்டும் தந்தி வாத்தியமான ஒரு பாஞ்சோவும் உட்கார்ந்துவிடும். ஆடுகிறவர்கள் ஜோடி மாறி மாறிச் சுற்றி முடிக்கும்வரை மெட்டு நிற்கக் கூடாது. தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைத்தான் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே வந்து வித்தை காட்டுவது 1940களில் பில் மன்றோ என்ற இசைக்கலைஞரோடு வந்த ப்ளூகிராஸ் என்ற பாணி. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அமெரிக்காவிலேயே ஏராளம்.

ஜாரல் நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டி, 1966இல் ஓய்வு பெற்றவர். அவருடைய இடது கை ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் செய்கிறது. நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். வலது கையைக் கேளுங்கள். அழுத்தம் ஒரு சுற்றில் தாளத்தின் மேல் விழும், அடுத்த சுற்றில் அரை அட்சரம் முந்திக்கொள்ளும். வில் பக்கத்துத் தந்தியை உரசிவிட்டுத் திரும்பும். நீங்கள் தேடிய கற்பனை அங்கேதான் இருக்கிறது.

அபஸ்வரம் என்கிறீர்களே, எது என்று ஊகிக்க முடிகிறது. காந்தாரம், அதாவது ‘க’ சுரம்தானே? தாழ்ந்த சாதாரண காந்தாரமும் இல்லாமல் உயர்ந்த அந்தர காந்தாரமும் இல்லாமல் நடுவில் எங்கோ நிற்கும். பியானோ கேட்டுப் பழகிய காது அதைத் தப்பு என்று சொல்லலாம். நம் காது சொல்லலாமா? இன்னொன்று, அந்த ஊர்க்காரர்கள் பலர் பிடிலில் தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டின் வளைவைத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்வார்கள், இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக. மெட்டுக்கு ஏற்றபடி சுருதியையும் மாற்றுவார்கள். ஏ (A) சுரத்தை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளுக்கு அடித் தந்தி இரண்டையும் ஒரு முழுச்சுரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ என்று வைப்பது வழக்கம். அதை முதல்முறை கூட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ச-ப-ச-ப. உங்கள் மகளின் வயலின் ஐந்து வருடமாக அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

பதிவாகி நூலகத்தில் இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். பாதி சரி. வர்ஜீனியாவின் க்ளென் லின் என்ற சிற்றூரில் ஹென்றி ரீட் என்ற கிழவர் இருந்தார், 1884இல் பிறந்தவர். சிறுவயதில் அவர் பல மெட்டுகளைக் கற்றது குவின்சி டில்லியன் என்பவரிடம். டில்லியன் 1846இல் தொடங்கிய மெக்சிகோ போரில் படை இசைஞராக இருந்தவர். 1966இல் ஆலன் ஜபூர் என்ற ஆராய்ச்சி மாணவர் டேப் ரெக்கார்டரோடு ரீட் வீட்டுக் கதவைத் தட்டினார். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட பதிவுகள் கிடைத்தன. ரீட் 1968இல் இறந்துவிட்டார். இன்று அவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். ஆனால் ஜபூர் நாடாவை அலமாரியில் வைத்துவிட்டு ஓய்ந்திருந்தால் அந்த மெட்டுகள் அங்கேயே தூங்கியிருக்கும். அவரே பிடில் வாசிப்பவர். உட்கார்ந்து கற்று, நண்பர்களோடு குழுவாக வாசித்தார், கேட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மலைகளைப் பார்த்தேயிராதவர்கள் இன்று அவற்றை வாசிக்கிறார்கள்.

மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துவது. பதிவு செய்கிறவர் எதைப் பதிவு செய்யத் தேர்ந்தார் என்பது. 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ என்றும் கறுப்பருக்கு ‘ரேஸ்’ என்றும் இரண்டு வரிசை போட்டு விற்றன. கறுப்பரென்றால் ப்ளூஸ் என்பது அவர்கள் கணக்கு. பிடில் வாசித்த கறுப்பர்கள் இரண்டு வரிசையிலும் அநேகமாக இல்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்த வாத்தியம், வில்லின் அந்த முந்தி விழும் அழுத்தத்திலும் அவர்கள் கை உண்டு என்று ஜபூரே வாதிட்டவர். தட்டுகளை மட்டும் நம்பினால் இது வெள்ளைக்கார மலைவாசிகளின் இசை என்றுதான் தோன்றும்.

வட கரோலினாவின் மெபேன் ஊரில் ஜோ தாம்சன் இருந்தார். மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அப்பாவிடமிருந்து பிடில் கற்ற கறுப்பர். 2005இல், எண்பத்தாறு வயதில், பக்கவாதம் வந்து தேறிய கையோடு வாசித்துக்கொண்டிருந்தார். ரியானன் கிடன்ஸ் உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் வியாழக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போனார்கள். நோட்டேஷன் இல்லை, பாடத்திட்டம் இல்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூட வாசிப்பார்கள். அந்த மூவர்தான் பிறகு கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற இசைக்குழு. தாம்சன் 2012இல் இறந்தார். வியாழக்கிழமைகள் நடக்காமல் போயிருந்தால் எந்த நூலகத்தைக் குற்றம் சொல்வது?

மகளிடம் தாராளமாகக் கற்கச் சொல்லுங்கள். யூடியூபில் வேகத்தைக் குறைத்து வைத்து, விரல்களை விட்டுவிட்டு வலது மணிக்கட்டைப் பார்க்கட்டும். கொஞ்ச நாளைக்குக் கமகம் வேண்டாம். தந்தியை மாற்ற வேண்டாம், சுருதியை மாற்ற வேண்டாம். ஒரே ஒரு மெட்டு, நிறுத்தாமல் பத்துச் சுற்று. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காலால் தாளம் போடுங்கள். ஏழாவது சுற்று எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.